தாழ்மை வேறு, தாழ்வு வேறு: கிறிஸ்தவ வீட்டில் வளரும் பிள்ளையின் சுயமதிப்பு

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் ஆலோசகர் சொல்கிறார்: "பிள்ளையின் சுயமதிப்பை வளருங்கள்." ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம்: "ஒருவன் என் பின்னே வர விரும்பினால், அவன் தன்னைத்தான் வெறுத்து..." நான்கு வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் தாய் இரண்டையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறாள். பிள்ளை கிறுக்கிய படத்தைக் காட்டி "நல்லா இருக்கா?" என்று கேட்கிறது. புகழ்ந்தால் தலைக்கனம் வந்துவிடுமோ, புகழாவிட்டால் மனம் ஒடிந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழில் நாம் ஒன்றோடொன்று கலந்து பேசும் சில சொற்கள் உண்மையில் வேறுவேறு பொருள்கள். முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம்.

நான்கு சொற்கள்

1. சுயமதிப்பு: 'நான் இருப்பது நல்லது, நான் வேண்டப்பட்டவன்' என்ற அடிப்படை உணர்வு. எதையும் செய்து காட்டாமலே இருக்கக்கூடியது.

2. தன்னம்பிக்கை: 'இதை என்னால் செய்ய முடியும்' என்பது. செயலோடு சேர்ந்தது. சைக்கிள் ஓட்டுவதில் நிறைய இருக்கலாம், மேடையில் பேசுவதில் துளியும் இல்லாமல் போகலாம்.

3. பெருமை: 'நான் மற்றவனைவிட மேல்' என்பது. இதற்கு எப்போதும் கீழே ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பெருமையும் இல்லை.

4. தாழ்மை: தன்னை உள்ளபடி பார்த்து, அதற்குப் பிறகு மற்றவருக்கு முன்னிடம் கொடுப்பது.

நான்காவதில்தான் தமிழ் நம்மைச் சிக்கவைக்கிறது. தாழ்மை, தாழ்வு இரண்டுக்கும் வேர் ஒன்றே. அதனால் தாழ்வு மனப்பான்மையோடு கூனிக் குறுகி நிற்கும் பிள்ளையைப் பார்த்து 'எவ்வளவு தாழ்மை, எவ்வளவு அடக்கம்' என்று சபையில் மெச்சுகிறோம். அந்தப் பிள்ளை அடங்கியிருக்கவில்லை, அஞ்சியிருக்கிறது. ரோமர் 12:3 கேட்பதும் வேறு: எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல், 'தெளிந்த எண்ணமுள்ளவனாய்' எண்ண வேண்டும். மிகையும் தெளிவல்ல, குறையும் தெளிவல்ல.

இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது

1890-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சுயமதிப்புக்கு ஒரு பின்னம் எழுதினார்: ஒருவர் அடைந்த வெற்றி மேலே, அவர் வைத்திருக்கும் ஆசை கீழே. இந்தக் கணக்கில் மதிப்பு என்பது சாதனையின் விளைவு. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1986-இல், கலிபோர்னியா மாநில அரசு சுயமதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. போதைப் பழக்கம் முதல் படிப்பில் பின்தங்குவது வரை பல சமூகக் கேடுகளுக்கு இதுவே மருந்து என்று நம்பினார்கள். பள்ளிகளில் எல்லாருக்கும் நட்சத்திர ஸ்டிக்கர், எல்லாருக்கும் கோப்பை என்ற பழக்கம் பரவியது அந்த அலையில்தான்.

2003-இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அந்த நம்பிக்கை சரிந்தது. சுயமதிப்பு கூடியவர்கள் கொஞ்சம் மகிழ்ச்சியாக இருந்தார்கள், தோல்விக்குப் பின் கொஞ்சம் கூடுதலாக முயன்றார்கள். ஆனால் சுயமதிப்பை ஊதிப் பெருக்குவதால் மதிப்பெண் கூடும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பல இடங்களில் நன்றாகச் செய்ததால்தான் சுயமதிப்பு கூடியிருந்தது.

சபைகளுக்குள்ளும் இதே காலத்தில் இரண்டு அணிகள் நின்றன. 1982-இல் கலிபோர்னியாவின் போதகர் ராபர்ட் ஷுல்லர், சுயமதிப்புதான் அடுத்த சீர்திருத்தம் என்று எழுதினார். 1986-இல் ஜே ஆடம்ஸ் போன்றவர்கள் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார்கள்: தன்னை நேசிக்கச் சொல்லி வேதம் கட்டளையிடவில்லை, அது ஏற்கெனவே நம்மிடம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்றார்கள். தமிழ்ப் பிரசங்கங்களில் இன்று கேட்கும் இரண்டு குரல்களும் பெரும்பாலும் இந்த இரண்டு அணிகளின் எதிரொலிதான். யாரோ ஊரில் நடந்த வழக்கின் தீர்ப்பை நம் வீட்டுப் பிள்ளைமேல் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறோம்.

வேதம் பேசும் வரிசை

இரண்டு அணிகளும் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறின என்பது என் எண்ணம். அது வரிசை.

1. ஆதியாகமத்தின் 1-ஆம் அதிகாரம் 3-ஆம் அதிகாரத்துக்கு முன்னால் இருக்கிறது. 'தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்' என்பது முதலில், விழுகை பிறகு. மனிதனைப் பற்றிய பேச்சைப் பாவியிலிருந்து தொடங்கினால் கதையின் முதல் இரண்டு அதிகாரங்களைக் கிழித்துவிட்டுப் படிப்பதாகும். பழங்கால எகிப்திலும் மெசப்பொத்தேமியாவிலும் கடவுளின் சாயல் என்று சொல்லப்பட்டவன் அரசன். ஆதியாகமம் அந்தப் பட்டத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும், அதாவது எல்லாருக்கும் கொடுத்தது.

2. விழுகைக்குப் பிறகும் அந்தச் சாயல் பறிக்கப்படவில்லை. ஆதியாகமம் 9:6 கொலையைத் தடுப்பதே இந்தக் காரணத்தைச் சொல்லித்தான். யாக்கோபு 3:9 இன்னும் வீட்டுக்குப் பக்கத்தில் வருகிறது: பிதாவாகிய தேவனைத் துதிக்கிற அதே நாவினால் 'தேவனுடைய சாயலின்படி உண்டாக்கப்பட்ட மனுஷரை' சபிக்கிறோம். குடும்ப ஜெபம் முடிந்த ஐந்தாவது நிமிடம் பால் டம்ளரைக் கொட்டிய பிள்ளைக்கு 'சனியனே', 'மூதேவி', 'நீ உருப்படவே மாட்டே' விழும் வீட்டுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. (சனீஸ்வரனையும் மூதேவியையும் ஒருநாளும் கும்பிடாத வீடுகள் பிள்ளையைத் திட்டுவதற்கு மட்டும் அவர்களை அழைத்துக்கொள்வது வேடிக்கைதான்.)

3. யோர்தானில் நடந்ததைப் பாருங்கள். 'இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்' என்ற குரல் மத்தேயு 3-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம். அதுவரை இயேசு ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு நோயாளியையும் சுகமாக்கவில்லை. சோதனைக்காரன் 4-ஆம் அதிகாரத்தில் வந்து 'நீர் தேவனுடைய குமாரனேயானால்' செய்து காட்டும் என்கிறான். மகன் என்பதைச் செயலால் நிரூபிக்கச் சொல்வது அந்தக் கதையில் யாருடைய குரல் என்று கவனிக்க வேண்டும். ஜேம்ஸின் பின்னம் இங்கே செல்லாது.

குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில் இது சடங்காகவே நடக்கிறது. பேசத் தெரியாத, கழுத்து நிற்காத பிள்ளைக்குப் பெயர் சொல்லப்படுகிறது. பிள்ளைகளைப் பிரதிஷ்டை மட்டும் செய்யும் சபைகளிலும் பிள்ளை அங்கே செய்வது அழுவது ஒன்றைத்தான்.

அப்படியானால் 'தன்னைத்தான் வெறுத்து' என்ன ஆயிற்று? மாற்கு 8:34-இல் கிரேக்க மூலத்தில் இருக்கும் வினை, பேதுரு சேவல் கூவுமுன் மறுதலிப்பான் என்று சொல்லும் இடத்தில் வரும் அதே வினை. 'தன்னை மறுதலித்து' என்று படித்தால் பொருள் தெளிவாகும்: என் இஷ்டமே சட்டம் என்பதைக் கைவிடுவது. அது பேசப்பட்டது சீஷர்களிடமும் கூட்டத்திடமும். பிள்ளைகள் வந்த இடத்தில் இயேசு வேறு மாதிரி நடந்துகொண்டார்: அணைத்துக்கொண்டார், கைகளை வைத்து ஆசீர்வதித்தார். அவர் விசனமடைந்தது பிள்ளைகளைத் தடுத்த சீஷர்கள்மேல்.

நான்கு வயதுக்கு இது எப்படிப் போய்ச் சேரும்?

இதையெல்லாம் பெரியவர்களுக்குச் சொல்லலாம். 'நீ தேவசாயல்' என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது சரி என்று தலையாட்டிவிட்டு பிஸ்கட் கேட்கும். 'என்னை நான் எப்படி மதிக்கிறேன்' என்பதை ஒட்டுமொத்தமாக வார்த்தையில் சொல்லும் திறன் ஏறக்குறைய எட்டு வயதில்தான் வருகிறது என்பது சூசன் ஹார்ட்டரின் ஆய்வுகள் காட்டியது. அதற்கு முன் பிள்ளைக்குச் சுயமதிப்பு இல்லை என்று பொருளல்ல. அது வேறு வழியில் நுழைகிறது.

முதல் வழி முகம். 1970-களில் எட் ட்ரோனிக் செய்த சோதனை ஒன்று: தாய் சில மாதக் குழந்தையோடு சிரித்துக் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொல்லிவைத்தபடி, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது. ஒன்றும் நடக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்துக்குள்.

எண்ணாகமம் 6-இல் ஆரோனுக்குக் கொடுக்கப்பட்ட ஆசீர்வாதத்தைப் பல சபைகளில் ஆராதனை முடியும்போது கேட்கிறோம்: 'கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி...' ஆசீர்வாதம் என்பதே ஒரு முகம் திரும்பிப் பார்த்து மலர்வது என்கிறது அந்தப் பழைய வார்த்தை. ட்ரோனிக்கின் ஆய்வகத்தில் குழந்தை தேடியதும் அதைத்தான். இன்றைய வீடுகளில் அசையாத முகத்தை உண்டாக்க ஆய்வகம் தேவையில்லை, கையில் போன் இருந்தால் போதும்.

இதைப் படித்துக் குற்ற உணர்வு கொள்ளும் தாய்மாருக்கு அதே ஆய்வுகளிலிருந்து ஒன்று: நல்ல உறவுள்ள தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவருக்கொருவர் சரியாக ஒத்துப்போவதில்லை. தவறுகிறார்கள், பிறகு சேர்ந்துகொள்கிறார்கள். அந்தச் சேர்ந்துகொள்ளல்தான் பிள்ளைக்கு உறுதியைக் கொடுக்கிறது. வேதத்தின் மொழியில் அதன் பெயர் ஒப்புரவாகுதல். காலையில் கத்திய அப்பா மாலையில் முழங்காலிட்டுப் பிள்ளையின் உயரத்துக்கு வந்து "அப்பா கத்தினது தப்பு, மன்னிச்சுக்கோ" என்று சொல்வது, மன்னிப்பைப் பற்றிய பத்துப் பாடங்களுக்குச் சமம்.

இரண்டாவது வழி வெட்கம். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பிள்ளை கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அறிகிறது. பார்க்கப்படுகிறோம் என்ற அறிவு வந்ததும் வெட்கமும் வருகிறது. எரிக் எரிக்சன் இந்த வயதைத் தன்னாட்சிக்கும் வெட்கத்துக்கும் நடக்கும் இழுபறி என்றார். 'நானே, நானே' என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்ளும் வயது. இங்கே ஒரு சிக்கல் உண்டு: 'நான் செய்தது தப்பு', 'நானே தப்பு' என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பக்குவம் இந்த வயதில் இல்லை. நாம்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். 'தம்பியைக் கடிக்கக் கூடாது, வலிக்கும்' என்பதும் 'நீ கெட்ட பிள்ளை' என்பதும் நமக்கு ஒரே கண்டிப்பின் இரண்டு வடிவம். பிள்ளைக்கு முதலாவது ஒரு சட்டம், இரண்டாவது ஒரு பெயர்.

பிரம்பு

இந்தப் பேச்சு வந்தால் தவிர்க்க முடியாதது இது. 'பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்' (நீதிமொழிகள் 13:24). கூடவே 'அடியாத மாடு படியாது' என்ற நம் பழமொழியும் கைகோத்துக்கொள்ளும். வேதம் எது, பழமொழி எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு இரண்டும் கலந்துவிட்டன. நிதானமாகப் பார்ப்போம்.

1. எபிரெயத்தில் இங்கே இருக்கும் சொல் ஷேபெத். 'உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்' என்ற 23-ஆம் சங்கீதத்தில் 'கோல்' என்று வருவதும் அதே ஷேபெத். ஆதியாகமம் 49:10-இல் யூதாவின் 'செங்கோல்' அதுவே. தமிழில் ஓரிடத்தில் பிரம்பு, ஓரிடத்தில் கோல், ஓரிடத்தில் செங்கோல் என்று வருவதால் தமிழ் வாசகருக்கு இந்தத் தொடர்பு தெரிய வழியில்லை. பிரம்பு என்றதும் வாத்தியார் கையில் இருப்பது மட்டுமே நினைவுக்கு வருகிறது.

2. இதை வைத்துக்கொண்டு 'அடிப்பது பற்றி வேதம் பேசவே இல்லை' என்று சொல்லும் புதுப் பேச்சும் நேர்மையானதல்ல. நீதிமொழிகள் 23:13 பிரம்பினால் அடிப்பதை வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தக் காலத்து எந்தச் சமூகத்திலும் அடி இல்லாத வளர்ப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நீதிமொழிகள் ஞான இலக்கியம், சட்டத் தொகுப்பல்ல. 26:3 மூடனுடைய முதுகுக்கும் பிரம்பைச் சொல்கிறது. அதை எடுத்துக்கொண்டு எந்தச் சபையும் மூடர்களை அடிக்கக் கிளம்புவதில்லை.

3. எபேசியர் 6:4, 'கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும்' வளர்க்கச் சொல்கிறது. சிட்சை என்ற சொல் வடமொழி 'சிக்ஷா'விலிருந்து வந்தது. இந்தியில் அதற்குக் கல்வி என்று பொருள், மலையாளத்தில் தண்டனை என்று பொருள். தமிழ் அகராதி இரண்டையும் தருகிறது, நம் வீடுகள் மலையாளப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டன. மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் பைதேயா, ஒரு பிள்ளையை ஆளாக்கும் முழு வளர்ப்பையும் குறிப்பது.

4. அந்த வசனத்தின் முதல் பாதிதான் அன்று கேட்டவர்களைத் திடுக்கிட வைத்திருக்கும். ரோமச் சட்டத்தில் தகப்பனுக்குப் பிள்ளையின் உயிர்மீதே அதிகாரம் இருந்தது. அந்த உலகத்தில் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படியச் சொல்வது யாருக்கும் புதிதல்ல. 'பிதாக்களே, உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்' என்று தகப்பனுக்கு எல்லை போட்டது புதிது. கொலோசெயர் 3:21 காரணத்தையும் தருகிறது: 'திடனற்றுப்போகாதபடி.' பிள்ளையின் மனம் தளர்ந்துபோகும் என்பதை ஒரு அப்போஸ்தலக் கவலையாகவே எழுதியிருக்கிறார்கள்.

5. ஆய்வுகள் சொல்வது: 2016-இல் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன்-கேய்லரும் 75 ஆய்வுகளை, சுமார் 1,60,000 பிள்ளைகளின் தரவுகளை, சேர்த்துப் பார்த்தார்கள். லேசாக அடிப்பதுகூட முரட்டுத்தனம், மனநலச் சிக்கல், பெற்றோரோடு உறவுக் குறைவு, குறைந்த சுயமதிப்பு ஆகியவற்றோடு சேர்ந்தே காணப்பட்டது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், ஒவ்வொரு அடிக்கும் இந்த விளைவு என்று நிரூபிப்பவை அல்ல. ஆனால் அடித்ததால் பிள்ளை நீண்ட காலத்தில் மேம்பட்டது என்று காட்டும் முடிவு அதில் எங்கும் வரவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடலாம். வீட்டில் அடிப்பதை உலகில் முதலில் தடைசெய்த நாடு சுவீடன், 1979-இல். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பள்ளியில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. சட்டப்படி பள்ளிக்கூடத்து வாத்தியார் கையிலிருந்து பிரம்பு போய்ப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. வீட்டிலும் சில சண்டே ஸ்கூல்களிலும் அது இன்னும் வேதத்தின் பெயரில் இருக்கிறது.

அடிக்காவிட்டால் கண்டிப்பே இல்லை என்று பொருளல்ல. 1960-களில் டயானா பாம்ரிண்ட் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார்: அன்பு குறைந்து அதிகாரம் மட்டும் நிறைந்தவர்கள், அன்பு மட்டும் வைத்து எல்லை போடாதவர்கள், இரண்டையும் சேர்த்துத் தருபவர்கள். மூன்றாம் வகைப் பெற்றோரின் பிள்ளைகள்தான் நிதானமாகவும் தன்னை நம்பியும் வளர்ந்தார்கள். எல்லை இல்லாத பிள்ளைக்கு 'இவர்களுக்கு என்மேல் அக்கறை இல்லை' என்று படும். 'சுவரில் கிறுக்கினால் நீயேதான் துணியை எடுத்துத் துடைக்கணும்' என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து துடைக்க வைப்பது கண்டிப்புதான். நேரம் பிடிக்கும். அடி சீக்கிரம் முடிந்துவிடும், அதனால்தான் அது நமக்குப் பிடிக்கிறது.

'இயேசப்பா அழுவாரு'

'சாப்பிடலைன்னா இயேசப்பா அழுவாரு', 'பொய் சொன்னா இயேசப்பா கண்ணைக் குத்துவாரு', 'உனக்குள்ள சாத்தான் இருக்கான், அதான் இப்படிப் பண்றே'. இவை சாதாரணமாக வாயில் வருபவை. வேலை சீக்கிரம் நடக்கும், அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். சிறு பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். தட்டில் மிச்சம் வைத்த சோற்றுக்காக ஒருவர் மேலே உட்கார்ந்து அழுகிறார் என்று அது உண்மையாகவே நம்பும். சாத்தான் உள்ளே இருக்கிறான் என்று கேட்ட பிள்ளை இரவில் தூங்கும்போது தன்னையே கண்டு பயப்படும். 'இயேசப்பாவுக்கு உன்னைப் பிடிக்கும். பொய் பிடிக்காது. வா, உண்மையைச் சொல்லு' என்பதில் அந்த மூன்று வாக்கியங்களின் வரிசை முக்கியம். அது மேலே பார்த்த அதே வரிசை.

பாராட்டு: எவ்வளவு, எதற்கு

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதில் தவறில்லை. ஆனால் காக்கை தன் குஞ்சை மயில் என்று சொல்ல ஆரம்பித்தால் தொல்லை.

நெதர்லாந்தில் எடி ப்ரமல்மானும் கூட்டாளிகளும் 2014-இல் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகள் வான்கோவின் ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தார்கள். சிலருக்கு 'அழகான படம்' என்று சீட்டு வந்தது, சிலருக்கு 'நம்பவே முடியாத அளவு அழகான படம்' என்று வந்தது. பிறகு எளிய படமா, கடினமான படமா, எதை வரையப்போகிறாய் என்று கேட்டார்கள். சுயமதிப்பு குறைந்த பிள்ளைகள், மிகைப் புகழ்ச்சி கிடைத்தபோது, எளிய படத்துக்கு ஒதுங்கினார்கள். அந்த உயரத்தை மறுபடி எட்டாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். நாம் வழக்கமாக மிகைப் புகழ்ச்சியை அள்ளிக் கொட்டுவது யாருக்கு? கூச்சப்படும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

அடுத்த ஆண்டு வந்த ஆய்வு இன்னும் நேரானது. 7 முதல் 11 வயதுவரை இருந்த 565 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 'என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட உயர்ந்தது' என்று நினைக்கும் பெற்றோருக்குத் தற்பெருமை கூடிய பிள்ளைகள் வளர்ந்தார்கள். வெறுமனே அன்பைக் காட்டிய பெற்றோரின் பிள்ளைகளுக்குச் சுயமதிப்பு கூடியது. பெருமையும் சுயமதிப்பும் ஒரே ஏணியின் இரண்டு படிகள் அல்ல, வேறுவேறு விதையிலிருந்து வருபவை என்று இதிலிருந்து தெரிகிறது. சுயமதிப்பு கூடினால் தலைக்கனம் வந்துவிடும் என்று பயந்த அந்தத் தாய்க்கு இதைவிட நேரடியான பதில் இல்லை.

படத்தை நீட்டும் பிள்ளையிடம் அப்புறம் என்னதான் சொல்வது? உட்கார்ந்து பார்க்கலாம். "வானத்துக்குப் பச்சை அடிச்சிருக்கே, ஏன்?" என்று கேட்கலாம். பிள்ளை பத்து நிமிடம் விளக்கும். தீர்ப்பை எதிர்பார்த்து வந்த பிள்ளைக்குக் கவனம் கிடைக்கிறது.

ஒப்பீடும் நிறமும்

மற்றவரோடு தன்னை எடைபோடும் பழக்கம் பிள்ளைக்குத் தானாக வர ஏழு எட்டு வயதாகும். நாம் அதை மூன்று வயதிலேயே தொடங்கிவைக்கிறோம். மனனவசனப் போட்டியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை 20 வசனம் சொல்லிப் பரிசு வாங்கியது, நம்முடையது மேடையில் நின்று விரலைச் சூப்பியது. பிறகு வீடு வரும்வரை பேச்சில்லை. அந்த மௌனம் பிள்ளைக்குச் சொன்னது என்ன? வசனம் சொன்னால் முகம் பிரகாசிக்கும், இல்லாவிட்டால் மறைந்துவிடும் என்பதுதான். அந்தப் பிள்ளை சொல்லத் தடுமாறியது 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்ற வசனமாகவே இருந்திருக்கலாம்.

ஆதியாகமம் இந்த விஷயத்தில் ஈவிரக்கமில்லாத புத்தகம். ஈசாக்குக்கு ஏசா, ரெபெக்காளுக்கு யாக்கோபு. அந்த வீட்டில் வளர்ந்த யாக்கோபு யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி தைத்துக் கொடுக்கிறான். விளைவு, அண்ணன்மார் தம்பியை விற்கிறார்கள். சாமுவேல் பெத்லகேமுக்கு வந்தபோது ஈசாய் ஏழு மகன்களை வரிசையில் நிறுத்தினான். எட்டாவதாக ஒருவன் இருப்பதே கேட்ட பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

நிறத்தைச் சொல்லாமல் தமிழ் வீட்டைப் பற்றி எழுத முடியாது. 'கருப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று பிள்ளையின் காதுபடவே பேசுவோம். அந்த 'இருந்தாலும்' என்ற ஒற்றைச் சொல்லில்தான் விஷம் இருக்கிறது. உன்னதப்பாட்டு 1:5-இலும் 'நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்' என்று தமிழில் வருகிறது. எபிரெயத்தில் அங்கே இருப்பது ஒரே எழுத்தாலான இணைப்பு. அதை 'ஆனால்' என்றும் கொள்ளலாம், 'உம்' என்றும் கொள்ளலாம். 'நான் கறுப்பும் அழகுமானவள்' என்றே அந்தப் பெண் சொல்லியிருக்கலாம். சண்டே ஸ்கூல் சுவரில் தொங்கும் நீலக்கண் இயேசுவின் படத்துக்கும் இதில் பங்குண்டு. அவர் பிறந்தது பெத்லகேமில், ஸ்காண்டிநேவியாவில் அல்ல.

'மாட்டேன்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளை

சுயமதிப்பு வெறும் மனநிலைப் பேச்சல்ல, பாதுகாப்பும்கூட. 'பெரியவங்க சொன்னா கேக்கணும்' என்பதை மட்டும் படித்த பிள்ளைக்கு, தொடக்கூடாத இடத்தில் தொடும் பெரியவரிடம் மாட்டேன் என்று சொல்ல வராது. அவர் உறவினராகவோ சபையில் மதிக்கப்படுபவராகவோ இருந்தால் இன்னும் வராது. விருப்பமில்லாத பிள்ளையை 'மாமாவுக்கு முத்தம் கொடு' என்று கட்டாயப்படுத்தாமல் விடுவது சின்ன விஷயம்தான், ஆனால் தன் உடல்மேல் தனக்குச் சொல் உண்டு என்று அது கற்றுக்கொடுக்கிறது. பிள்ளை ஏதாவது சொன்னால் நம்ப வேண்டும். உதவிக்கு 1098 என்ற இலவச எண் இருக்கிறது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிமறைப்பவர்கள் மத்தேயு 18:6-இல் ஏந்திரக்கல் யாருடைய கழுத்தில் கட்டப்படுகிறது என்று படித்துப் பார்க்கலாம்.

ஒரு வியாழக்கிழமை

இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற ஊரில் போதகரின் மனைவி சுசன்னா வெஸ்லி. 19 பிள்ளைகளைப் பெற்றார், ஏறக்குறைய பாதிதான் பிழைத்தன. கிறிஸ்தவக் குழந்தை வளர்ப்பில் கண்டிப்புக்கு உதாரணமாக இன்றும் அவர் பெயரைச் சொல்வார்கள். காரணம் உண்டு: பிள்ளையின் சுயசித்தத்தை முதலில் அடக்க வேண்டும் என்றும், ஒரு வயதானதும் பிரம்புக்குப் பயப்படவும் சத்தமில்லாமல் அழவும் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது என்றும் அவரே 1732-இல் எழுதியிருக்கிறார்.

அதே சுசன்னா 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது. திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பேட்டி, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும். வீடு நிறையப் பிள்ளைகள், கையில் பணமில்லை, வேலை ஓயாது. அதற்குள் ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மாலை முழுசாகச் சொந்தம்.

வியாழக்கிழமைக்குரிய ஜாக்கிதான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. இருபது ஆண்டு கழித்து, ஆக்ஸ்போர்டிலிருந்து அவர் தாய்க்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அதில் பிரம்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. முன்பு எனக்கென்று ஒதுக்கிய அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்ச நேரத்தை மறுபடியும் எனக்குத் தர முடியுமா என்று கேட்டார்.